பூதலிங்கத்தின் வயல் கடலுக்குப் போனது

ராடார் செயற்கைக்கோளை வானத்துக்கு அனுப்பிய 2012-ஆம் வருடம், கன்னிப்பூப் பருவத்து நடவு முடிந்து பயிர் கதிர் விடும் முன்பே, பூதலிங்கத்தின் வயல் இருந்த இடத்தை விட்டுக் கிளம்பித் தென்மேற்காக நடக்கத் தொடங்கியது. அந்த வருடம் கால்வாயில் தண்ணீர் பிந்தி வந்தது. வடசேரிச் சந்தையில் ஏத்தன் வாழைக்குலை கேட்பாரில்லாமல் கிடந்தது. பூதப்பாண்டிப் பக்கத்து ஜனங்கள் இந்த இரண்டைப் பற்றித்தான் அதிகம் பேசிக்கொண்டார்கள். வயல் விஷயம் மூன்றாவதாகத்தான் பேச்சில் வந்தது. அதுவும், வரப்பை ஒட்டி நின்ற தென்னை ஒரே நாளில் தள்ளிப்போய் நிற்கிறதே, தென்னைக்கு என்ன கேடு வந்தது என்று பூதலிங்கம் நாலு பேரிடம் கேட்டுக்கொண்டு திரிந்ததால் வந்தது. தென்னை நகரவில்லை, வயல்தான் நகர்ந்தது என்று புரிய அவருக்கே கொஞ்ச நாள் பிடித்தது.

பூதலிங்கத்துக்கு அந்த ஒரு கோட்டை விதைப்பாடு வயலை விட்டால் உலகத்தில் சொந்தம் என்று சொல்ல ஒரு பிடி மண் கிடையாது. இறச்சகுளத்தில் அவர் குடியிருந்த வீடுகூட மனைவி சண்முகவடிவின் வழியில் வந்ததுதான். வயல் அப்பா கொடுத்தது, அதனால் அதில் ஒரு விரல் நுனி அளவைக்கூட யாருக்கும் விட மாட்டார். கிழக்கு வரப்பில் ஒரு சாண் அகலத்துக்காகப் பெரியப்பா மகனோடு நாகர்கோவில் கோர்ட்டில் வழக்கு நடத்தினார். அண்ணனும் தம்பியுமாக ஒரே பஸ்ஸில் கோர்ட்டுக்குப் போவார்கள், முன்வாசலில் ஒருவர் ஏறினால் பின்வாசலில் மற்றவர். இந்த மனுஷனின் வயல்தான், கேட்காமல் கொள்ளாமல், அவரையும் விட்டுவிட்டுக் கிளம்பியது.

கிளம்பிய காரணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் சண்முகவடிவின் தம்பி ஸ்ரீனிவாசனிடமிருந்து தொடங்க வேண்டும். ஸ்ரீனிவாசன் ஸ்ரீஹரிகோட்டாவில், ராக்கெட் விடுகிற இடத்தில் குளிர்சாதன இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தான். ஊருக்கு வந்தால் ராக்கெட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் வைத்தவனைப் போலத்தான் பேசுவான். அந்தச் சித்திரையில் லீவுக்கு வந்தவன், சாப்பிட்டுக்கொண்டே புதுச் செயற்கைக்கோளைப் பற்றிச் சொன்னான். பூமி எப்படி மாறிக்கொண்டு வருகிறது, எங்கே காடு குறைகிறது, எங்கே வெள்ளம், எங்கே கடல் கரையை அரிக்கிறது என்றெல்லாம் பார்ப்பதற்காக விட்டதாம்.

"மேகம் மூடிக் கிடந்தாலும் பாக்கும் அக்கா. ராத்திரி இருட்டுன்னும் கிடையாது. வயல்ல தண்ணி எவ்வளவு கிடக்கு, நெல்லு எவ்வளவு வளந்திரிக்கு, எல்லாம் தெரியும். நம்ம அத்தானுக்க வயலும் தெரியும்."

"கண்ணை மூடவே மூடாதோ?" என்று சண்முகவடிவு கேட்டாள்.

"மூடாது."

"அப்பம் வெளங்கினாப்பிலதான்," என்று சொல்லிவிட்டு அவள் ரசம் எடுக்கப் போனாள்.

அவள் பயந்தபடியே ஆயிற்று. நட்ட நாற்று நாளுக்கு நாள் மஞ்சளித்துக்கொண்டு வந்தது. பக்கத்து வயல்களெல்லாம் பச்சைக்குத் திரும்பிக்கொண்டிருக்க, பூதலிங்கத்தின் வயல் மட்டும் காமாலை வந்தவனைப் போலக் கிடந்தது. துத்தநாகச் சத்து குறைவு என்று உரக்கடைக்காரர் சொன்னார். சண்முகவடிவு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எதிர்வீட்டுக்காரி ஒருமுறை பார்த்ததற்கே முருங்கை மொத்தமாகப் பூவை உதிர்த்தது உண்டு. மேகத்தைத் தாண்டி, இருட்டைத் தாண்டி, இமைக்காமல் பார்க்கிற கண் பட்டால் நெல் என்ன பாடுபடும்? கண்ணேறு கழித்தே தீர வேண்டும் என்று தீர்மானித்தாள். உப்பு வீட்டில் இருந்தது, கடுகும் வத்தல் மிளகாயும் இருந்தன, முச்சந்தி மண்ணுக்கும் பஞ்சமில்லை. ஆனால் கண் வைத்தவனின் காலடி மண் வேண்டும். அது இல்லாமல் கழித்தால் கழித்ததாகாது. இங்கேதான் அவளுக்குக் குழப்பம் வந்தது. செயற்கைக்கோளுக்குக் கால் கிடையாது. மிதித்த மண் என்று எதைச் சொல்வது? பகல் முழுக்க யோசித்துவிட்டு, கடைசியாக அது எந்த மண்ணை விட்டு மேலே போனதோ அந்த மண்தான் அதன் காலடி என்று முடிவுக்கு வந்தாள். யோசித்துப் பார்த்தால் அதில் தப்பு சொல்ல முடியாது. வேலைக்குத் திரும்பிய தம்பிக்கு அன்றே போன் செய்தாள்.

"அடுத்த மட்டம் வாறப்பம் அந்த ராக்கெட்டு நின்ன எடத்து மண்ணு ஒரு பிடி கொண்டு வரணும் கேட்டியாலே. மறந்திட்டேன்னு வந்து நின்னா, வீட்டுப்படி ஏறாதே."

ராக்கெட் நின்ற இடத்துக்கு ஸ்ரீனிவாசனை யாரும் விட மாட்டார்கள். அவன் வேலை பார்த்தது அங்கிருந்து வெகுதூரம் தள்ளி. இதை அக்காவிடம் ஒத்துக்கொள்வதற்கு அவனுக்கு நாக்கு எழவில்லை, அத்தனை வருடமாகப் பேசிய பெருமை அப்படி. அடுத்த மாதம் வந்தவன் நாகர்கோவில் ஸ்டேஷனில் இறங்கியதும்தான் வெறுங்கையோடு வந்திருப்பது உறைத்தது. ஸ்ரீஹரிகோட்டா கடலுக்குள் இருக்கிற தீவு என்பது அக்காவுக்குத் தெரியும், வயல்காட்டு மண்ணைக் கொடுத்தால் மோந்து பார்த்தே சொல்லிவிடுவாள். கடல் மண்தான் வேண்டும். தெரிந்தவர்கள் யாரும் இல்லாத கடற்கரையாகவும் இருக்க வேண்டும். பெட்டியோடு மண்டைக்காட்டுப் பஸ்ஸில் ஏறி, அதற்குக் கிழக்கே பனவிளைத்துறை என்ற மீனவ ஊரில் இறங்கினான்.

பனவிளைத்துறையில் கடலை ஒட்டி ஒரு தெரு இருந்தது. 2004 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சுனாமி அந்தத் தெருவைக் கொண்டு போயிற்று. வீடுகளை மட்டுமல்ல, வீடுகள் நின்ற மண்ணையும் சேர்த்தே கொண்டு போயிற்று. பிறகு அரசாங்கம் கரையில் பாறாங்கல்லை அடுக்கிச் சுவர் போட்டது. சுவருக்கு அந்தப் பக்கம், கடல் உள்வாங்கும் வேலிவற்றத்தில் மட்டும் கொஞ்சம் மணல் தலைகாட்டும். ஸ்ரீனிவாசன் கல்லில் இறங்கிப் போய் அந்த மணலில்தான் ஒரு பிடி அள்ளினான். சுவரின் மேல் நேசம்மாள் உட்கார்ந்திருந்தாள். மீன் விற்கிறவள், ஐம்பதை நெருங்கும் வயது. அந்தத் தெருவில்தான் அவள் வீடு இருந்தது. அவள் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் கபிரியேல் வீட்டோடு போனவன்தான், உடல்கூடக் கிடைக்கவில்லை.

"என்ன மக்கா, மண்ணெடுக்கே? எதுக்கு?" என்று கேட்டாள்.

"சும்மா, ஒரு பிடி."

"எடுத்துக்கோ. கடலு எடுத்தது போவ மிச்சம் கிடக்கியது அதாக்கும்."

சண்முகவடிவு மண்ணைக் கையில் வாங்கிப் பார்த்து, நாக்கில் வைத்து உப்புக் கரிப்பைப் பார்த்து, திருப்தியோடு முந்தியில் முடிந்துகொண்டாள். வெள்ளிக்கிழமை அந்தி சாயும் நேரம் வயலுக்குப் போனாள். ஆளைச் சுற்றுவது போல வயலைத் தூக்கிச் சுற்ற முடியாதல்லவா? அவளே வரப்பு வழியாக மூன்று சுற்று வந்தாள். நடு வயலில் சட்டி வைத்துத் தீ மூட்டி, மிளகாயையும் கடுகையும் உப்பையும் மண்ணையும் அதில் கொட்டினாள். அத்தனை மிளகாய் எரிந்தும் ஒரு தும்மல் வரவில்லை. கமறினால் சாதாரணக் கண், கமறாவிட்டால் பொல்லாத கண் என்பது ஊருக்கே தெரியும். வரப்பில் நின்ற பெண்கள் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் பயிரில் மஞ்சள் இல்லை. சண்முகவடிவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்த வாரமே தென்னை தள்ளிப் போயிற்று.

விடியலிலும் அந்தியிலும் செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கும் நாட்களில்தான் வயல் நடந்தது. மற்ற நேரமெல்லாம் எல்லா வயலையும் போலச் சும்மா கிடந்தது. நடக்கும்போது சத்தம் கிடையாது. நாலு பக்கத்து வரப்போடும், உள்ளே நின்ற தண்ணீரோடும், தவளைகளோடும், ஒற்றைக்காலில் நின்ற கொக்கோடும் சேர்ந்து தரைமேல் நழுவிப் போகும். குறுக்கே வந்த வாழையும் தென்னையும் ஒதுங்கி வழிவிட்டு, அது போனபின் பழைய இடத்தில் வந்து நின்றுகொள்ளும். வீடுகளைக் கண்டால் வயல்தான் சுற்றிக்கொண்டு போகும். யார் வீட்டு நடையையும் அது நனைக்கவில்லை. அது இருந்த இடத்தில், அதே நீளத்துக்கும் அகலத்துக்கும் ஒரு பள்ளம் விழுந்து, ஊற்றுத் தண்ணீர் நிறைந்துவிட்டது. பள்ளத்தின் கிழக்குக் கரையில் நின்றுகொண்டு பெரியப்பா மகன் எல்லோரும் கேட்கும்படியாகவே அழுதார்.

"ஒரு சாணுக்குத்தானே நான் கேஸு போட்டேன்? மொத்தத்தையும் கெட்டிக்கிட்டுப் போவச் சொன்னேனா? ஏ பூதலிங்கம், இனி நான் யாருகூட மல்லுக்கெட்ட?"

 பூதலிங்கத்துக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. வயலைத் திருட்டுக் கொடுத்ததாகப் போலீசில் சொல்லலாமா என்றால், வயல் கண்ணுக்கு எதிரிலேயே நிற்கிறது. ஓடிப்போய்விட்டது என்று சொல்லலாமா என்றால், கூப்பிடு தூரத்தில்தான் நிற்கிறது. கோயிலில் பூ கட்டிப் பார்த்தார், வெள்ளைப் பூ வந்தது. வெள்ளைப் பூவுக்கு நல்லது என்று அர்த்தம், ஆனால் எது நல்லது என்று பூவில் எழுதியிருக்கவில்லை. நாலு மூலையிலும் இரும்புக் குற்றி அடித்து வடம் போட்டுக் கட்டினார். அடுத்த விடியலில் வடம் அறுபடவும் இல்லை, குற்றி பெயரவும் இல்லை, வயல் மட்டும் அரை பர்லாங் தள்ளி நின்றது. பாவம், மனுஷன் வடத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, காணாமல் போன பசுவைத் தேடுகிறவரைப் போல அதன் பின்னாலேயே போனார்.

அப்படி மூன்று வருடம் போனார். புத்தேரியில் ஒரு நடவு, ஆசாரிப்பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு அறுப்பு. நடுவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் மதியம் வரைக்கும் நின்றது. பஸ்கள் சுற்றிக்கொண்டு போயின, திருநெல்வேலிக்குப் போகிற ஆட்கள் வரப்பில் உட்கார்ந்து வண்டிக்குக் காத்திருந்தார்கள். பூதலிங்கம் காலையில் மண்வெட்டியோடு பஸ் ஏறுவார். கண்டக்டர், "அண்ணாச்சி, இன்னைக்கு எந்த ஊருக்கு?" என்று கேட்பான். "வயலு எங்க நிக்கோ அங்க," என்பார் இவர். நடவுக்குப் போகிற பெண்களில் மூத்தவளான பகவதியம்மாள், ஓடுகிற வயலில் நட்டால் வரிசை கோணும், தன்னைக் குறை சொல்லக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள். கோணத்தான் செய்தது. போகிற ஊரிலெல்லாம் தண்ணீருக்குத்தான் அவர் பட்டபாடு. இது எங்க வாய்க்கால், உம்ம வயலு எந்தப் பாசனப் பத்து, எந்த மடை என்று கேட்டால் என்ன சொல்வார்? ஆனாலும் நாஞ்சில் நாட்டில் வாடுகிற பயிரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க யாராலும் முடியாது. ராத்திரியானால் யாராவது மடையைத் திறந்துவிட்டிருப்பார்கள். காலையில் கேட்டால், தெரியாது என்பார்கள்.

இதற்கிடையே, செயற்கைக்கோள் அனுப்புகிற படங்களைப் பார்த்து நிலத்தின் மாற்றங்களைக் கணிக்கிற ஓர் அலுவலகத்திலிருந்து தேவகுமார் என்ற இளம் அதிகாரி வந்தார். ராடார் படத்தில் தண்ணீர் தேங்கிய வயல் கறுப்பாகத் தெரியும், பயிர் எழும்ப எழும்ப வெளுத்துக்கொண்டு வரும். ஒரு கறுப்புச் சதுரம் படத்துக்குப் படம் இடம் மாறுவதைப் பார்த்துவிட்டு, நேரில் காணலாம் என்று வந்திருந்தார். நல்ல மனுஷன், பூதலிங்கம் கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். அந்தி நேரம். வயல் நகர்ந்தது, அவரும் வரப்போடு சேர்ந்து நகர்ந்தார். எதிரே இருந்த ஓட்டு வீடு மெல்லப் பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டே அவர் தன் மேலதிகாரிக்குப் போன் செய்து விவரம் சொன்னார். மேலதிகாரி, படத்தைப் பொருத்துவதில் பிசகு நேர்ந்திருக்கும், திருத்திவிடுங்கள் என்றார். நகர்ந்துகொண்டிருக்கும் வயலில் இருந்தபடியே தேவகுமார் திருத்தினார். அன்று முதல் ஒவ்வொரு படத்திலும் அந்த வயலைத் தூக்கி இறச்சகுளத்தில் வைத்துவிடுவார்கள். போகும்போது அவர் பூதலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் ஒண்ணும் புரியல அண்ணாச்சி," என்றார். அந்த ஒரு வார்த்தையில் பூதலிங்கத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஊரே குழம்பிக்கிடந்த அந்தக் காலத்தில் குழம்பாத ஒரே ஆள் ஸ்ரீனிவாசன்தான். வயல் எந்த மண்ணைத் தேடிப் போகிறது என்பது அவனுக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. அதனாலேயே அவன் லீவுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான். வயல் வெள்ளிச்சந்தையைத் தொட்டபோது, அத்தான் இளைத்துப்போய்விட்டார் என்று கேள்விப்பட்டு, பொறுக்க முடியாமல் வந்து அக்காவின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். சண்முகவடிவு திட்டவில்லை, அழவில்லை. அவனுக்கு ஆற்றி வைத்திருந்த காப்பியை எடுத்துக் கொண்டுபோய் வாழை மூட்டில் ஊற்றினாள். பிறகு பழைய பள்ளத்தின் கரையிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு வெள்ளிச்சந்தைக்குப் போய், போன தடவை சுற்றியதற்கு மாறாக, இடப்பக்கமாகச் சுற்றி எரித்தாள். மிளகாய் இந்தத் தடவை நன்றாகக் கமறியது. வயல் நின்றது. ஒரு கும்பப்பூப் பருவம் முழுக்க நின்றது. பூதலிங்கம் மொட்டை போட்டார், பொங்கல் வைத்தார், பூதப்பாண்டிக் கோயிலில் விளக்குப் போட்டார். அறுப்பு முடிந்த மறுநாள் விடியலில் வயல் மறுபடியும் கிளம்பியது. இதற்கு மட்டும் ஸ்ரீனிவாசனிடமும் விளக்கம் இல்லை. அன்று முதல் அவனும் மற்றவர்களோடு சேர்ந்து குழம்பினான். அக்கா அவனுக்குத் திரும்பக் காப்பி கொடுத்தாள்.

இப்போது எல்லோருக்கும் வழி தெரிந்துவிட்டது. வயலுக்கு முன்னால் பனவிளைத்துறை, அதற்கு முன்னால் கற்சுவர், அதற்கு முன்னால் கடல். கடல் மண்ணை என்ன செய்யும் என்பது அந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பூதலிங்கம் வீட்டுக்குப் போவதை நிறுத்தினார். வரப்பிலேயே ஓலை மறைத்துப் படுத்துக்கொண்டார். போகாதே, போகாதே என்று வயலிடம் பேச ஆரம்பித்தார். அப்பா தந்த மண், அது போய்விட்டால் தான் யார் என்று அவருக்கே தெரியாது. பனவிளைத்துறைக்காரர்களுக்கு வேறு பயம். நடையாய் நடந்து வாங்கிய சுவர் அது. இவ்வளவு பெரிய வயல் வந்து முட்டினால் கல் சரியும், மிச்சமிருக்கிற தெருக்களும் போகும். கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். வெள்ளாளர் வயலுக்கு நம்ம ஊரில் என்ன வேலை என்று சிலர் சத்தம் போட்டார்கள். பங்குச் சாமியார் இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, நடக்கிற வயலைப் பற்றித் தனக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்று ஒத்துக்கொண்டார்.

2015 ஐப்பசியில், நட்டுப் பச்சை பிடித்த பயிரோடு, வயல் சுவரடிக்கு வந்தது. பூதலிங்கம் நடு வயலில் போய் முழங்கால் சேற்றில் உட்கார்ந்துகொண்டார். கடலுக்குப் போனால் தானும் போவதாக முடிவு செய்திருந்தார். சண்முகவடிவு கரையில் நின்று தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள், அவர் திரும்பவே இல்லை. ஊர் முழுக்கச் சுவரில் ஏறி நின்றது. கல்லில் முட்டும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, நனைந்த பாயைச் சுவரில் காயப்போடுவது போல வயல் மடிந்து சுவரின் மேல் ஏறி, மறுபக்கம் இறங்கியது. ஒரு கல் அசையவில்லை. சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. பூதலிங்கம் சரிந்து பயிரைப் பிடித்துக்கொண்டார். பிறகு வயல் நேராகி, சுவருக்கு அப்பால், பழைய தெரு இருந்த இடத்தில், பழைய தெருவின் உயரத்துக்கு உட்கார்ந்தது. அலை வந்தது. வரப்பு வரைக்கும் வந்து, தொட்டுப் பார்த்துவிட்டு, திரும்பிப் போயிற்று. அடுத்த அலையும் அப்படியே செய்தது. பூதலிங்கம் கண்ணை இறுக மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தார், பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்.

சுவரிலிருந்து முதலில் இறங்கியவள் நேசம்மாள். பதினோரு வருடமாக அந்த இடத்தில் கால் வைக்க மண் இல்லாமல் சுவரிலேயே உட்கார்ந்திருந்தவள். வரப்பில் நடந்து வந்து, கோயில் கோபுரத்தை ஒரு தடவை பார்த்து, கடலுக்குள் நிற்கிற பாறையை ஒரு தடவை பார்த்து, குறி வைத்துக்கொண்டு பயிருக்குள் இறங்கினாள். பூதலிங்கத்துக்குப் பதறியது.

"ஏம்மா, பயிரை மிதியாதே!"

"அண்ணாச்சி, இது எனக்க அடுக்களையாக்கும்," என்றாள் நேசம்மாள். இரண்டு எட்டு தள்ளி வைத்தாள். "இஞ்ச வாசலு. இஞ்ச..." அவள் நின்றாள். "இஞ்சதான் அவரு கிடந்து ஒறங்கினாரு. எழுப்பாண்டாம், கிறிஸ்மஸ் பண்டியலுக்க மறுநாளுல்லா, ஒறங்கட்டும்னு நெனச்சிட்டு பூசைக்குப் போனேன்."

அவள் அந்த இடத்தில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தொட்டாள். தொட்டுக்கொண்டே அழுதாள். புருஷனை அடக்கம் செய்யக்கூட மண் கிடைக்காதவள் இத்தனை வருடம் கழித்து அழுதால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. சுவரில் நின்றவர்கள் எல்லோரும் அழுதார்கள். கூட்டத்தில் சத்தம் போட்டவர்களும் அழுதார்கள்.

"எனக்கு வயலு வேண்டாம் அண்ணாச்சி," என்றாள் பிறகு, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "இந்த எடத்தில மட்டும் ஏரு பூட்டாதிங்கோ. அது போரும்."

 பூதலிங்கத்துக்குத் தன் வயல் போய்விட்டதா, கிடைத்துவிட்டதா என்றே இன்னும் விளங்கவில்லை. கடல் மூன்று பக்கமும் நிற்கிறது, நடுவில் தன் பயிர், அதற்குள் இன்னொருத்தியின் வீடு. எழுந்து, நாற்றங்காலுக்கு அளப்பது போலக் காலால் அளந்தார். அடுக்களையை அளந்தார், வாசலை அளந்தார், கபிரியேல் படுத்திருந்த இடத்தை அளந்தார். அதோடு நிற்காமல், "முற்றம் வேண்டாமா? கோழி வளத்தா எங்க விடுவே?" என்று கேட்டு அதையும் அளந்தார். அளந்த இடத்துப் பயிரைத் தன் கையாலேயே வேரோடு எடுத்து மற்ற இடங்களில் நெருக்கி நட்டார். இந்தச் செய்தி இறச்சகுளத்துக்குப் போனபோது, வயல் கடலில் மிதக்கிறது என்பதை உடனே நம்பிய பெரியப்பா மகன், இதை மட்டும் நம்ப மறுத்து நேரில் பார்க்க வந்தார்.

மாசியில் அறுத்தார்கள். பகவதியம்மாளும் கூட்டாளிகளும் நாகர்கோவிலில் பஸ் மாறி வந்தார்கள், கட்டுச் சுமக்கத் துறைப் பிள்ளைகள் நின்றார்கள். நெல் நன்றாகவே விளைந்திருந்தது. அரிசி மட்டும் லேசாகக் கரித்தது, கஞ்சிக்கு உப்புப் போட வேண்டியிருக்கவில்லை. தண்ணீருக்குப் பஞ்சாயத்துக் குழாயிலிருந்து ஊர்க்காரர்கள் ஒரு கிளை இழுத்துக் கொடுத்தார்கள். வயல் அதன் பிறகு நடக்கவில்லை. விடியலில் செயற்கைக்கோள் தலைக்கு மேல் போகும், வயல் அது பாட்டுக்குக் கிடக்கும். பூதலிங்கமும் சண்முகவடிவும் துறையில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்துக்கொண்டார்கள். மீன் வாசனைக்குச் சண்முகவடிவு முதல் ஒரு மாதம் மூக்கில் துணி கட்டிக்கொண்டாள், பிறகு மறந்துவிட்டாள். அந்தக் கோடையில் நேசம்மாள், பூதலிங்கம் அளந்து விட்ட இடத்தில், தகரக் கூரை போட்டு வீடு கட்டினாள்.

படம் பார்க்கிற அலுவலகத்தில் வயலை வழக்கம்போல இறச்சகுளத்துக்குத் திருத்திவிட்டார்கள். தகரக் கூரையை யாரும் திருத்தவில்லை. ராடார் படத்தில் கடல் கறுப்பாகவும், அதில் இரும்பு ஏதாவது நின்றால் வெள்ளைப் புள்ளியாகவும் தெரியும். வெள்ளைப் புள்ளி என்றால் கப்பல். கரையை ஒட்டி ஒரு சிறு கப்பல் பல மாதமாக நங்கூரம் போட்டு நிற்கிறது, யாருடையது என்று தெரியவில்லை என்று தகவல் போயிற்று. 2017 தை மாதம், வெயில் ஏறிய நேரத்தில், ரோந்துப் படகில் இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். வரப்பில் படகைக் கட்டிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கதிர் முற்றிய வயல் நடுவே ஒற்றையடியாக நடந்து வீட்டு வாசலுக்கு வந்தார்கள். நேசம்மாள் இருவருக்கும் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள். அவர்களுக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. ஆனால் கப்பலைக் கண்டால் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தானே ஆக வேண்டும். இளையவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கப்பல் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்டார்.

நேசம்மாள் வெளியே பார்த்தாள். மேற்கு வரப்பில் பூதலிங்கம் குனிந்து நண்டு வளையை மண் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அலை வந்து வரப்பைத் தொட்டுவிட்டுப் போயிற்று.

"இனி எங்கயும் போவாது மக்கா," என்றாள். "வந்து சேந்தாச்சு."

அவர்கள் சாயாவைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, வந்த வரப்பு வழியாகவே படகுக்குப் போனார்கள்.